உள்ளே நுழைகிறது என்பதற்காகப் போட்டுவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஹூஸ்டனில் பதினேழு வருடமாக இருக்கிறேன். உங்கள் பத்திரிகையைக் கைபேசியில்தான் படிக்கிறேன், ஆனாலும் ஞாயிறு இணைப்பை விடுவதில்லை. கட்டுரை மொத்தத்தில் நன்றாகத்தான் இருந்தது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைப்பது பற்றி எழுதியதற்குத் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நடுவில் ஒரு வரி. சின்ன ரிவால்வர் வைத்திருப்பவர்கள் பலம் போதவில்லை என்று நினைத்தால் அதே அளவில் கிடைக்கும் வீரியம் கூடிய தோட்டாவை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், அளவு ஒன்றுதான் என்பதால் பொருந்திவிடும் என்று எழுதியிருந்தார்கள்.

பொருந்தும்தான். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

என் பிழைப்பு வால்வு சோதனை. கோவையில் பம்ப் பட்டறையில் ஆரம்பித்து இங்கே எண்ணெய்க் குழாய்களுக்கான வால்வுகளில் வந்து நிற்கிறேன். ஒரு வால்வின் உடம்பை அதன் கணக்கு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றிச் சோதித்துத்தான் அனுப்புவோம். தாங்கிவிட்டது, சரி, அதற்காக அந்த ஒன்றரை மடங்கிலேயே தினமும் ஓட்டு என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்ல மாட்டான். குழாய் இணைப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு: சாதாரண வார்ப்பு இணைப்புக்கும் உயர் அழுத்தத்துக்கான கனத்த இணைப்புக்கும் மரை ஒன்றே. ஒன்றை ஒன்றில் திருகினால் வெண்ணெய் மாதிரி ஏறும். மரை ஏறிவிட்டது என்று பம்பைப் போட்டவர்கள் கதை எல்லாப் பட்டறையிலும் ஒன்று இருக்கும். என் மனைவிக்கு இதைச் சொன்னபோது, "குக்கருக்கு வேற கம்பெனி வெயிட்டைப் போடக்கூடாதுன்னு எனக்கே தெரியும், இதுக்கு எதுக்கு இவ்வளவு விளக்கம்?" என்றாள். விளக்கம் தேவைப்படுகிறதே, பத்திரிகையிலேயே அப்படி வந்துவிட்டதே.

சின்ன ரிவால்வர் என்றால் இங்கே பெரும்பாலும் .38 ஸ்பெஷல். ஐந்து தோட்டா கொள்ளும், குழல் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். இந்தத் தோட்டாவுக்கு உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. கார் டயருக்கு 32 அடிக்கச் சொல்கிறோமே, அதே கணக்கில் 17,000. இந்த வரம்பை வைப்பது 1926-இல் தொடங்கிய தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர்களின் தர அமைப்பு. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரை இங்கே எல்லோரும் சொல்வது நம் காதுக்குச் 'சேமி' என்றுதான் விழும். அதே தோட்டாவில் 'பிளஸ் பி' என்று ஒன்று உண்டு, அதற்கு வரம்பு 20,000. அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதல். இதற்கு மேலே 'பிளஸ் பி பிளஸ்' என்று இன்னொரு ரகம் விற்கிறார்கள், அதற்கு எந்த வரம்பும் கிடையாது. தர அமைப்பு அதை வரையறுக்கவே இல்லை. ஒரு கம்பெனியின் பிளஸ் பி பிளஸ் 21,000 ஆக இருக்கலாம், இன்னொன்றுடையது அதற்கும் மேலே இருக்கலாம், பெட்டியைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

இது எப்படி வந்தது என்பது கொஞ்சம் சுவையான கதை. .38 ஸ்பெஷல் 1899 வாக்கில் வந்தபோது அதில் போட்டது கறுப்பு வெடிமருந்து. அது நிறைய இடம் பிடிக்கும், அதற்கேற்ப நீளமான பித்தளை உறை. பின்னாலேயே புகையில்லா மருந்து வந்துவிட்டது, அதற்கு அந்த இடத்தில் ஒரு மூலை போதும். அண்டாவில் ஒரு கைப்பிடி அரிசி போட்ட மாதிரி. காலி இடத்தைப் பார்த்தால் மனிதனுக்குக் கை சும்மா இருக்குமா? 1930-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் பெரிய, கனத்த சட்டத்தில் (துப்பாக்கியின் உடம்புக்கூடு) ஹெவி டியூட்டி என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தார்கள், அதற்கென்று அழுத்தம் கூடிய .38 தோட்டாவும் வந்தது. ஆனால் அளவு அதே. பெரிய துப்பாக்கிக்குச் செய்த தோட்டா சின்னத் துப்பாக்கியிலும் சமத்தாக நுழைந்தது. பிறகு 1935-இல் .357 மேக்னம் வந்தபோது உறையின் நீளத்தை மூன்றரை மில்லிமீட்டர் வாக்கில் கூட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் மாற்றம், அதனால் அது .38 ரிவால்வரின் அறைக்குள், அதாவது தோட்டா உட்காரும் துளைக்குள், முழுதாக இறங்காது, அந்தத் துளைகள் உள்ள சுழல் உருளையான சிலிண்டர் மூடாது. அதன் வரம்பு 35,000, .38-ஐப் போல இரண்டு மடங்கு. மறதிக்காரனையும் அவசரக்காரனையும் இரும்பே தடுத்து நிறுத்துகிற ஏற்பாடு அது. என் தொழிலில் இதைவிட அழகான பாதுகாப்பு இல்லை என்பேன்.

பிளஸ் பி 1970-களில் முறையாக வரம்புக்குள் வந்தபோது இந்தப் பாடத்தைக் காற்றில் விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. நீளம் அதே, விட்டம் அதே. வித்தியாசம் தெரிய ஒரே இடம் உறையின் அடிப்பக்கம், அங்கே பொடி எழுத்தில் குத்தியிருப்பார்கள், நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. மற்றபடி பெட்டியின் மேல் அச்சு. பெட்டியிலிருந்து கொட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டால் அதுவும் போச்சு.

என் கதைக்கு வருகிறேன். நான்கு வருடத்துக்கு முன் பழைய ரிவால்வர் ஒன்று வாங்கினேன். 1950-இல் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் வந்து, பிறகு மாடல் 36 என்று எண் பெற்ற அந்த ரகம். முழு எஃகு, அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை, மரப் பிடி, முந்தைய சொந்தக்காரர் நன்றாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார். குழலின் பக்கவாட்டில் .38 ஸ்பெஷல் என்று மட்டும் பொறித்திருந்தது. தோட்டா வாங்க ஒரு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன், சின்னத் துப்பாக்கிதானே, இதைப் போட்டால்தான் எதிரி விழுவான் என்று ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். பிளஸ் பி பிளஸ். என் துப்பாக்கியில் போடலாமா என்று கேட்டேன். எல்லாம் முப்பத்தெட்டுதானே சார் என்றான். அழுத்தமே தொழிலாக வைத்திருக்கும் நான், அதை நம்பிப் பணம் கொடுத்தேன் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுடும் பயிற்சிக் கூடமான ரேஞ்சில் ஐந்தும் சுட்டேன். முதல் வெடியிலேயே உள்ளங்கையில் கட்டையால் அடித்த மாதிரி இருந்தது, குழல் வாயில் ஒரு தீப்பந்தம் எழும்பி அடங்கியது, பக்கத்துத் தடத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பழகிவிடும் என்று ஐந்தையும் முடித்தேன். அப்புறம் சிலிண்டரைத் திறந்து தள்ளுகோலை அழுத்தினால் காலி உறைகள் வரவில்லை. சாதாரணமாகக் கட்டைவிரலால் தள்ளினால் சடசடவென்று கொட்டிவிடும். அன்றைக்கு உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. அங்கே மேற்பார்வைக்கு நிற்கும் பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், வந்து உறை ஒன்றை வாங்கித் தன் சட்டைப் பையிலிருந்து வேறொரு உறையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நல்ல உறையின் அடியில் நடுவில் இருக்கும் பிரைமரின் (அடி விழுந்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) ஓரம் உருண்டையாக, அதைச் சுற்றி மெல்லிய பள்ளம் தெரியும். என் உறையில் அந்த ஓரம் நசுங்கிப் பரவி, பள்ளமே தெரியாமல் சுற்றுப் பித்தளையோடு மட்டமாகிவிட்டிருந்தது. பிரைமர் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதே, அது ஏமாற்றும். ஆனால் உறை ஒட்டிக்கொள்வதும் சேர்ந்தால் நிறுத்து என்றார். அறையில் அழுக்கு இருந்தாலும் ஒட்டும், அதையும் பார் என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

துப்பாக்கி வெடித்துச் சிதறவில்லையே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். நல்ல எஃகு ரிவால்வர் ஒரு சிலிண்டர் பிளஸ் பி சுட்டதற்காகச் சிதறுவது அபூர்வம்தான், அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஐந்து தோட்டா ரகத்தில் ஒரு நல்ல விஷயம்கூட இருக்கிறது: சிலிண்டரைப் பூட்டும் வெட்டுகள் அறைகளுக்கு நேர் மேலே விழாமல் இரண்டு அறைகளுக்கு நடுவே, சதைப்பிடிப்பான இடத்தில் விழுகின்றன. பல ஆறு தோட்டா சிலிண்டர்களில் அந்த வெட்டு அறையின் மெல்லிய சுவர் மீதே வரும். ஆக உடைவது அல்ல முதல் கவலை, தேய்வதுதான். ஒவ்வொரு வெடியிலும் சட்டம் துளி இழுபடுகிறது, சிலிண்டர் பின்னால் போய் மோதுகிறது. நாளாவட்டத்தில் சிலிண்டர் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் கூடக் கூட மோதலும் கூடும், மோதல் கூடினால் ஆட்டம் இன்னும் கூடும். பிறகு அறையும் குழலும் நேர்கோட்டில் வராமல் போகும், குண்டு குழலின் பின்பக்க வாயில் உரசி ஈயத்தைப் பக்கவாட்டில் சீவித் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவன் கன்னத்தில் சுருக்கென்று பட்டால் அதுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தோட்டா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோமா என்று மூன்று தடவை அறை அறையாக விரல் விட்டுப் பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியை வீட்டில் வேறொரு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரை மூடி இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கையில் தெரிகிற அளவுக்கு டிக் டிக்கென்று ஆடினால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டிய நேரம். அவர் சிலிண்டர் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே பீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு அளந்து சொல்வார். என்னுடையதை அப்படிக் கொடுத்துப் பார்த்தேன், தப்பித்தது. பார்த்தவர் சொன்னது, ஐந்தோடு நிறுத்தினாய், ஐந்நூறு சுட்டிருந்தால் வேறு கதை.

எடை குறைந்த ரிவால்வர்களில் இன்னொரு தொல்லை. அலுமினியச் சட்டம் போட்டவை 425 கிராம் வாக்கில் இருக்கும், அதில் ஸ்காண்டியம் என்ற உலோகம் கலந்தவை 330 கிராம்தான், ஒரு பெரிய மாம்பழத்தின் கனம். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு வேகமாகப் பின்னுக்கு உதைக்கும். அப்படி உதைக்கும்போது சுடாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் உறைகளைத் துப்பாக்கி பின்னால் இழுத்துக்கொண்டு போகும், உள்ளே இருக்கும் கனமான ஈயக் குண்டோ நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். மேசை விரிப்பைச் சட்டென்று உருவினால் டம்ளர் அங்கேயே நிற்குமே, அந்தக் கணக்கு. குண்டு உறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து சிலிண்டர் முகத்தைத் தாண்டி மூக்கை நீட்டிவிட்டால் சிலிண்டர் சுற்றாது. உயிர் போகிற நேரத்தில் கையில் ஒரு பேப்பர் வெயிட். இதற்குச் சோதனை எளிது: ஐந்து போட்டு, நான்கு சுட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்துப் பெட்டியில் இருக்கும் புதியதோடு பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. நகர்ந்ததைத் திரும்ப அமுக்கி உபயோகிக்கவும் கூடாது.

நிஜமாகவே வெடிப்பது எப்போது என்றால், பெரும்பாலும் வீட்டில் கையால் மருந்து நிரப்பிய தோட்டாக்களில். முன்னே சொன்ன அண்டாதான் காரணம். அதில் ஒரு பங்கு மருந்துக்குப் பதில் மறதியாக இரண்டு பங்கு விழுந்தாலும் உறை வழியாது, வெளியே ஒன்றும் தெரியாது. மருந்தே விழாவிட்டால் பிரைமர் மட்டும் 'புஸ்' என்று குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டு நிற்கும், அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் விரலை எடுத்துவிட வேண்டும். தெரியாதவர் நிரப்பிய தோட்டாவை நண்பர் சும்மா கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை, முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

சரி, இவ்வளவு அவஸ்தைப்பட்டு என்ன கிடைக்கிறது? இரண்டு அங்குலக் குழலில் பெரிதாக ஒன்றுமில்லை. கூடுதலாகப் போட்ட மருந்தில் ஒரு பங்கு குண்டு வெளியேறிய பிறகு குழலுக்கு வெளியேதான் எரிகிறது. நான் பார்த்த தீப்பந்தம் அதுதான், இருட்டில் கண்ணைக் கூசவைத்துவிடும். எஃப்.பி.ஐ. உபயோகித்ததால் பேர்பெற்ற 158 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) பிளஸ் பி ஈயக் குண்டு ஒன்று உண்டு, நல்ல தோட்டாதான், ஆனால் அந்தக் காலத்துப் போலீஸ் இடுப்பில் பெரும்பாலும் இருந்தது இதைவிட நீளமான குழல், கனமான சட்டம். ரேஞ்சுப் பெரியவர் தன் பழைய சின்ன ரிவால்வரில் போட்டு வைத்திருப்பது 148 கிரெயின் தட்டை மூக்குக் குண்டு, காகித இலக்கைச் சுடுவதற்கென்று விற்கிற சாது ரகம். ஐந்தையும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் போடுவார். நான் பிளஸ் பி பிளஸ் சுட்ட அன்று என் ஐந்தில் இரண்டு காகிதத்திலேயே இல்லை.

புதிதாக வந்த பல மாடல்கள் பிளஸ் பி-க்கென்றே செய்யப்பட்டவை, குழலில் அப்படியே பொறித்திருக்கும், கையேட்டிலும் இருக்கும். அவற்றில் தாராளமாகப் போடலாம், நான் தடுக்கவில்லை. அதிலும் பழக்கத்துக்குச் சாதாரணத் தோட்டாவைச் சுட்டு, வீட்டில் வைப்பதில் மட்டும் ஒன்றிரண்டு பெட்டி சுட்டுப் பார்த்துக்கொண்டால் துப்பாக்கிக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. பொறிப்பு இல்லையா, கையேடு தொலைந்துவிட்டதா, செய்த கம்பெனிக்கு வரிசை எண்ணைக் கொடுத்து எழுதிக் கேளுங்கள். கடைக்காரனைக் கேட்காதீர்கள், என்னையும் கேட்காதீர்கள். பிளஸ் பி பிளஸ் வேண்டவே வேண்டாம். சுடும்போது கண்ணாடி, காதுக்கவசம், சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளிப் பக்கம் விரல் போகக்கூடாது. வீட்டுக்கு வந்து சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயத்தூள்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணனிடம் உரிமத்தோடு .32 ரிவால்வர் இருக்கிறது, அரசுப் படைக்கலத் தொழிற்சாலையில் செய்தது, வெப்ளி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் மாதிரியில் நடுவில் மடங்கித் திறப்பது. இந்தியாவில் .38 சாதாரண உரிமத்தில் கிடைக்காது, .32-தான். அதில் போடுவது .32 எஸ் அண்டு டபிள்யூ லாங், வரம்பு 15,000. இங்கே .32-இல் மேக்னம் என்று 1984-இல் ஒன்று வந்தது, அதன் அழுத்தம் இதைவிட வெகு அதிகம். எங்கேயோ படித்துவிட்டுப் போன மாதம் போன் போட்டார்: "மாப்ளே, அந்த மேக்னம் தோட்டா நம்மதுல போகுமுங்களா? நீளம் சித்தே கூடுதல்ங்கறாங்க, நம்ம லேத்துக்காரன்கிட்ட அறையைக் கொஞ்சம் ராவிக்கலாமுங்களா?" நாலு மில்லிமீட்டர் கூடுதலாக வைத்ததே உங்களைத் தடுக்கத்தான் என்று கத்திவிட்டேன். மடங்குகிற சட்டத்தை மூடிப் பிடித்திருப்பது மேலே ஒரு கொக்கி, அதை நம்பி மேக்னமா? தவிர, இங்கிருந்து ஒரு தோட்டா பையில் தெரியாமல் தங்கினாலும் விமான நிலையத்தில் வழக்கு. லேத்துக்காரரிடமும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், ராவ மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

பெட்டியில் மீதியிருந்த 45 தோட்டாவைக் கடை திரும்ப வாங்கவில்லை, திறந்த பெட்டி வாங்க மாட்டார்களாம். ரேஞ்சில் வேண்டாத தோட்டா போடுவதற்கென்று ஒரு சிவப்பு வாளி வைத்திருக்கிறார்கள், அதில் கொட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டால் நல்லது. தனிக் கட்டம் எல்லாம் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில் இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
கோவைக்காரன்,
ஹூஸ்டன்